கிளாரினெட் வைப்ரேட்டோ பத்திப் பேசும்போது பண்ற தப்புகள்

கிளாசிக்கல் கிளாரினெட்ல வைப்ரேட்டோவே (பிடிச்ச நோட்டை லேசா நடுங்க விடறது) கிடையாது, அதெல்லாம் ஜாஸ்காரங்க சமாச்சாரம்னு வாத்தியார் சொன்னதை அப்படியே நம்பிடறதுதான் முதல் தப்பு. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் இங்கிலீஷ் கிளாரினெட்காரர் ரெஜினால்ட் கெல் 1937ல புஷ் குவார்டெட்ங்கற நாலு பேர் வயலின் கோஷ்டியோட ரெக்கார்ட் பண்ண பிராம்ஸ் குவின்டெட்டை (பிராம்ஸ்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளர் கிளாரினெட்டுக்கும் நாலு தந்தி வாத்தியத்துக்கும் எழுதினது) கேட்டேன், ஸ்லோ மூவ்மென்ட்ல நீளமா பிடிக்கற நோட்டெல்லாம் பாடறவங்க குரல் மாதிரி அதிருது!

சரி, மனுஷன் ஜாஸ் கேட்டுக் கெட்டுப்போயிட்டார்னு நினைச்சா அதுவும் தப்பு. லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுல அவர் கூட ஓபோ (இதுவும் ஊதற வாத்தியம்தான்) வாசிச்ச லியோன் கூசன்ஸ் கிட்ட இருந்தும் பாடகர்கள் கிட்ட இருந்தும்தான் அவருக்கு அது ஒட்டிக்கிச்சு. ஜாஸ்ல இருந்த பென்னி குட்மேன்தான் பின்னாடி கெல் கிட்ட போய் பாடம் கத்துக்கிட்டார். அதுக்காக இங்கிலீஷ்காரங்க எல்லாரும் ஆட்டி வாசிச்சாங்கன்னும் சொல்லிடாதீங்க, அதே லண்டன்ல அதே காலத்துல ஃப்ரெடரிக் தர்ஸ்டன் கோடு போட்ட மாதிரி நேரா வாசிச்சுட்டு இருந்தார்.

இன்னொரு கோஷ்டி நேர் எதிர். பிராம்ஸ் 1891ல அந்த குவின்டெட்டை எழுதினது மைனிங்கன் ஆர்கெஸ்ட்ராவுல இருந்த ரிச்சர்ட் மூல்ஃபெல்ட்ங்கற கிளாரினெட்காரரை மனசுல வச்சு, அவர் முதல்ல வயலின்காரர். அவர் தாராளமா வைப்ரேட்டோ போடுவார்னு ஒரு செவிவழிக் கதை உண்டு, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நோட்டு விடாம ஆட்டறாங்க. அவர் 1907லயே போயிட்டார், கேட்டுப் பாக்க ஒரு ரெக்கார்டிங்கும் இல்ல. கதை உண்மைன்னே வச்சுப்போம், அந்தக் காலத்து வயலின் எப்படி இருந்துச்சுன்னு வயலின்காரர் ஜோசஃப் யோகிமோட 1903 ரெக்கார்டுகளைக் கேளுங்க, அங்க வைப்ரேட்டோ ஊறுகாய் மாதிரி, அங்கங்க தொட்டுக்கறதோட சரி.

வாசிக்கும்போது நடக்கற தப்பு தாடைல. கிளாரினெட்ல உதட்டைத் தளர்த்தினா சுதி சுலபமா இறங்கிடும், ஏத்தறதுதான் கஷ்டம். அதனால தாடையை ஆட்டினா ஆட்டம் பூரா கீழ்ப்பக்கமே போகும், கேக்கறவங்களுக்கு ஏதோ சுதி சேரலைன்னுதான் தோணும். (இதைக் கமகத்தோட குழப்பிக்காதீங்க, கமகத்துல ஸ்வரம் பக்கத்து ஸ்வரத்துக்குப் போயிட்டு வரும், இதுல நிக்கற இடத்துலயே லேசா நடுங்கும், அவ்ளோதான்.) சந்தேகம்னா ட்யூனரை (சுதி சரியான்னு முள்ளால காட்டற கருவி) முன்னாடி வச்சுக்கிட்டு ஒரு நோட்டை நேரா பிடிச்சு முள்ளை நடுவுல நிறுத்திட்டு அப்புறம் ஆட்டிப் பாருங்க, எனக்கு முதல் தடவை முள்ளு இடது பக்கத்தை, அதாவது சுதி இறங்கின பக்கத்தை, விட்டு வரவே இல்ல.