சர்க்கரை நோயாளிக்குப் பரிசும் பயமும்: எங்கே தவறுகிறோம்?

எதைச் சாப்பிடக் கூடாது என்பது சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பெரும்பாலும் தெரியும். தெரிந்தும் மாத்திரை தவறுகிறது, நடை நாளைக்குத் தள்ளிப்போகிறது. இன்றைய சுகம் கண்ணெதிரே நிற்கிறது. சிறுநீரகம் கெடுவதோ பல வருடம் தள்ளி. இந்த இழுபறியைத்தான், மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் நடத்தைப் பொருளாதாரம் என்ற துறை ஆராய்கிறது. ஆனால் அதைக் கையில் எடுத்து, பரிசு தந்தோ பயமுறுத்தியோ நோயாளியை மாற்றப் பார்க்கும் மருத்துவமனைகளும் செயலிகளும் வீட்டாரும் ஒரே இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள்.

பெரிய தவறு, பரிசை ஹெச்பிஏ1சி எண்ணோடு கட்டிவிடுவது. அது ரத்தச் சர்க்கரையின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை. இன்றிரவு இனிப்பை ஒதுக்கியவருக்கு அதன் பலன் எண்ணில் தெரியவே வாரக்கணக்காகும். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முன்னாள் ராணுவத்தினரான கறுப்பின நோயாளிகளில் ஒரு குழுவுக்கு ஆறு மாதத்தில் இந்த எண் 1 புள்ளி குறைந்தால் 100 டாலர், 2 புள்ளி குறைந்தால் 200 டாலர் என்றார்கள். இன்னொரு குழுவில் ஒவ்வொருவருக்கும், முன்பு இதே நிலையில் தடுமாறி இப்போது கட்டுக்குள் வைத்திருக்கும் ஒருவரைப் பேச்சுத்துணையாகக் கொடுத்தார்கள். பணக் குழுவின் சராசரி 9.5-லிருந்து 9.1-க்கு இறங்கியது. பேச்சுத்துணை கிடைத்தவர்களுக்கு 9.8-லிருந்து 8.7. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 9.9, 9.8 ஆனது, அவ்வளவுதான்.

எண்ணுக்குப் பரிசு வைப்பதில் ஆபத்தும் உண்டு. இன்சுலின் போடுபவர் எண்ணைக் குறைக்கும் அவசரத்தில் சாப்பாட்டைத் தவிர்த்தால், ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய் மயக்கம் வரை கொண்டுவிடலாம். பரிசு தருவதென்றால் மாத்திரை போட்டதற்கும், சர்க்கரை பார்த்துக் குறித்ததற்கும் தாருங்கள், அதுவும் அன்றன்றைக்கே. நோட்டில் 240 என்று எழுதியிருந்தாலும் பரிசு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நோட்டில் நல்ல எண்ணாகவே ஏறும், மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் மருத்துவர் பொய்க்கணக்கை நம்பி முடிவெடுப்பார்.

அடுத்தது பயமுறுத்தல். லாபத்தைவிட நஷ்டம் மனதை அதிகம் தாக்கும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். அதை நம்பி, சர்க்கரை நோயால் கால் துண்டிக்கப்பட்டவரின் படத்தைக் காட்டினால் பலர் திருந்துவதில்லை. பரிசோதனைக்கே வராமல் ஒதுங்குகிறார்கள். எண்ணைப் பார்க்கவே பயந்தவருக்குச் சிகிச்சை தருவது ரொம்பக் கஷ்டம். பயம் காட்டியே ஆக வேண்டுமென்றால், கூடவே இன்றே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையையும் கையில் கொடுங்கள்.

அப்புறம், அலாரம் வைத்தால் போதும் என்று நினைப்பது. அலாரம் அடிக்கும்போது அவர் பேருந்தில் இருப்பார், மாத்திரை வீட்டில் இருக்கும். சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை என்றால் டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ‘தட்டை எடுத்ததும் மாத்திரை’ என்று அவரே தன் வாயால் முடிவு செய்யட்டும். அடுத்த பரிசோதனைத் தேதியையும் இதுபோலவே, ‘போன் பண்ணுங்கள்’ என்று அனுப்பாமல், அவர் கிளம்பும் முன்பே குறித்துக் கொடுத்துவிடலாம். வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளட்டும்.