அக்காளும் தங்கையும் ஒரே வண்டியில்: நெல்லைச் சீமையில் திசையறி ராலிக்குப் பழகும் முறை

திசையறி ராலி என்பது வேகப் போட்டி அன்று. வரைபடத்தையும் திசைகாட்டியையும் நம்பி, தார்ச்சாலை இல்லாத நிலத்தில், அமைப்பாளர்கள் குறித்துக் கொடுத்த இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டடைவதே அதன் சாரம். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வழி சொல்வார். பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளும் இவ்வகைப் போட்டிகளில் இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 1990-இல் தொடங்கி மொரோக்கோவில் நடந்துவரும் ஆயிஷா தே கஸேல் ராலியில், எல்லாக் குறியிடங்களையும் தொட்டு மிகக் குறைந்த தூரம் ஓட்டிய அணியே வெல்லும். அமெரிக்காவின் நெவாடா, கலிஃபோர்னியா பாலைநிலங்களில் 2016 முதல் நடைபெறும் ரெபெல் ராலியில் கைப்பேசிக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் இடமில்லை. அங்கே பச்சைக் குறியிடத்தில் தொலைவிலிருந்தே தெரியும் கொடி இருக்கும். நீலத்தில் சிறிய அடையாளம் மட்டும் இருக்கும். கறுப்பில் ஒன்றுமே இருக்காது, நாமே கணக்கிட்டு 'இதுதான் இடம்' என்று முடிவு செய்ய வேண்டும்.

இத்தகைய போட்டிகளில் உடன்பிறந்த சகோதரிகள் ஓரணியாக இறங்குவது உண்டு. நானும் என் தங்கையும் அப்படிப் பழகத் தொடங்கியவர்கள்தாம். பாலைவனம் போக வேண்டும் என்பதில்லை. பழைய நெல்லைச் சீமைக்குள்ளேயே மணல், சரள், கரிசல் மூன்றும் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்கும் அக்காள் தங்கையர் எந்த வரிசையில் பழகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: வரைபடத்தை வீட்டு மேசையில் விரிப்பது

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு நிலவரைபடம் தேவை. பழைய எண் வரிசையில் திருநெல்வேலி 58 எச் தாள்களிலும், திருச்செந்தூர்க் கரையோரம் 58 எல் தாள்களிலும் வரும். இந்த அளவில் வரைபடத்தின் 2 செ.மீ. நிலத்தில் 1 கி.மீ.; ஆகவே 1 மி.மீ. என்பது 50 மீட்டர். முனை மழுங்கிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால், அந்தப் புள்ளிக்குள்ளேயே ஒரு வீடும் தொழுவமும் அடங்கிவிடும். எனவே 0.5 மி.மீ. பென்சில், தெளிவான அளவுகோல், பள்ளி ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானி, வரைபடத்தை ஒட்டிவைக்க ஒரு பரீட்சை அட்டை ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

குறியிடங்கள் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்ற எண்களாகவே தரப்படும். நம் வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஒரு வசதி உண்டு: அட்சக்கோட்டில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1,843 மீட்டர், தீர்க்கக்கோட்டில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1,835 மீட்டர், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகையால் இரு திசையிலும் ஒரு நிமிடத்துக்கு 3.7 செ.மீ. என்று வைத்துக்கொண்டு புள்ளி குறிக்கலாம். ஒரு விநாடி 31 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வடக்கே போகப் போகத் தீர்க்கக்கோட்டு நிமிடம் சுருங்கும் என்பதால், வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது இந்தச் சலுகையை மறந்துவிட வேண்டும்.

பாகைக்குப் பதில் மீட்டரில் இடத்தைக் குறிக்கும் கட்டமுறை எண்களைப் பயன்படுத்த விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. 78 பாகைத் தீர்க்கக்கோடு சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே செல்கிறது. யூடிஎம் என்ற உலகளாவிய கட்டமைப்பில் 43-ஆம் மண்டலம் முடிந்து 44-ஆம் மண்டலம் தொடங்கும் கோடு அதுவே. அங்குள்ள செம்மணல் மேடான தேரியின் மேற்கு ஓரத்தில் எண்களை எழுதிக்கொண்டு கிழக்கே வந்தால், எண்கள் திடீரென்று வேறு கணக்குக்குத் தாவிவிடும். தொடக்கத்தில் பாகை, நிமிடம், விநாடியோடு நிற்பதே நல்லது.

இரண்டாம் படி: திசைகாட்டி

வண்டிக்குள் அமர்ந்து திசைகாட்டியைப் பார்ப்பதில் பயனில்லை. இறங்கிப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியை வண்டியிலேயே விட்டுவிட்டு, தலையில் இரும்பு ஹேர்பின் இருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

முள் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் காந்த விலக்கம் என்கிறோம். நம் பகுதியில் அது மேற்கு நோக்கி இரண்டு பாகைக்கும் குறைவு, ஐந்து கி.மீ. நேராகப் போனாலும் விலகல் இருநூறு மீட்டருக்குள் அடங்கும். கலிஃபோர்னியாப் பாலைநிலத்தில் அது கிழக்கே பதினொரு பாகையை ஒட்டி இருக்கிறது. அதே ஐந்து கி.மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு கி.மீ. தவறிவிடும். மேற்கு விலக்கமானால் வரைபடக் கோணத்தோடு கூட்ட வேண்டும், கிழக்கு விலக்கமானால் கழிக்க வேண்டும். இங்கே தேவை குறைவு என்பதால் பலர் இந்தக் கணக்கைப் பழகுவதே இல்லை, பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. காந்த நடுக்கோடு நம் மாவட்டத்துக்கு மிக அருகில் செல்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். இங்கே காந்த முள் ஏறத்தாழக் கிடைமட்டமாகவே நிற்கும். வட ஐரோப்பாவுக்கென எடை சமன்செய்த திசைகாட்டியை வாங்கினால் இங்கே முள் ஒரு பக்கம் சாய்ந்து அடிப்பலகையில் உரசும். வாங்கும்போது அது எந்த மண்டலத்துக்கு உரியது என்று பார்த்து வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும்.

பயிற்சிக்கு வள்ளியூர், பணகுடி வட்டாரம் மிகவும் ஏற்றது. மேற்கே மகேந்திரகிரி எழுந்து நிற்பதால், அதன் உச்சிக்கு ஒரு கோணமும், வரைபடத்தில் உள்ள வேறொரு குன்றுக்கோ தேவாலயக் கோபுரத்துக்கோ ஒரு கோணமும் எடுத்து, விலக்கத்தைச் சரிசெய்து, இரு கோடுகளையும் பின்னோக்கி வரைந்தால் அவை வெட்டும் இடமே நாம் நிற்கும் இடம். காற்றாலைகளை மட்டும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். ஒன்றுபோல் நூற்றுக்கணக்கில் நிற்பவற்றில் எது எது என்று சொல்ல முடியாது. பனைமரத்துக்கும் இதே விதிதான்.

மூன்றாம் படி: தூரமும் நேரமும்

நம் நாட்டில் தொடக்கநிலையினர் சேரக்கூடியவை பெரும்பாலும் டிஎஸ்டி (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) வகைப் போட்டிகள். குறித்த தூரத்தைக் குறித்த சராசரி வேகத்தில், குறித்த நேரத்துக்குச் சரியாகக் கடக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தண்டப் புள்ளி. மணிக்கு 30 கி.மீ. என்றால் ஒரு கி.மீட்டருக்கு இரண்டு நிமிடம், 36 கி.மீ. என்றால் நூறு விநாடி; 24 கி.மீ. என்றால் இரண்டரை நிமிடம். இவை வாய்ப்பாடுபோல் மனத்தில் நிற்க வேண்டும்.

வண்டியின் தூரமானியை நம்புவதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். போட்டி நாளில் அமைப்பாளர் ஒரு சோதனைத் தூரம் தருவார். பயிற்சிக்கு நாகர்கோவில் செல்லும் நான்குவழிச் சாலையின் கிலோமீட்டர் கற்கள் போதும். பத்துக் கல் கடந்தபோது உங்கள் மானி 10.3 காட்டினால், ரோடுபுக்கில், அதாவது அமைப்பாளர் தரும் வழிக்குறிப்பு ஏட்டில், உள்ள ஒவ்வொரு தூரத்தையும் 1.03-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மணலில் இதுவும் பொய்க்கும்: சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றாலும் மானி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மணலைத் தாண்டியதும், அடுத்த உறுதியான அடையாளத்தில் மானியைத் திருத்திக்கொள்வது வழி சொல்பவரான நேவிகேட்டரின் வேலை.

நான்காம் படி: வண்டிக்குள் பேசும் முறை

மற்ற படிகளை எந்த இருவரும் கற்கலாம். அக்காள் தங்கையர் தனியாகப் பழக வேண்டியது இது. கூடப் பிறந்தவர்களுக்குப் பாதி வாக்கியமே போதும் என்பது அடுக்களையில் வசதி, வண்டியில் ஆபத்து. 'அந்தா தெரியுதுல்லா, அங்கன திருப்பு' என்று நேவிகேட்டர் சொல்லும்போது அவர் பார்வை வரைபடத்திலும், ஓட்டுபவரின் பார்வை பள்ளத்திலும் இருக்கும். இருவருக்கும் 'அங்கன' வேறு வேறு இடம்.

எனவே ஒவ்வொரு சொல்லாணையும் ஒரே வரிசையில் வர வேண்டும்: முதலில் தூரம், பிறகு திசை, பிறகு என்ன பாதை, கடைசியில் ஆபத்து. 'அறுநூறு மீட்டரில், இடது, வண்டித்தடம், ஓரத்தில் உடைமுள்' என்பது நல்ல ஆணை. ஓட்டுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ம்' என்பது பதில் ஆகாது. நூறு மீட்டர் இருக்கும்போது நேவிகேட்டர் மீண்டும் ஒரு முறை சொல்வார். வீட்டில் இதைக் கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடுத்தது அதிகாரம். எங்கே போவது என்பதில் நேவிகேட்டரின் சொல்லே முடிவு. எப்படிப் போவது, இந்த ஓடையில் இறங்கலாமா கூடாதா என்பதில் ஓட்டுபவரின் சொல்லே முடிவு. அக்காள் ஓட்டி, தங்கை வழி சொல்லும் அணியில் இதைக் காப்பது கடினம். 'ஏட்டி, எனக்குத் தெரியாதா?' என்ற ஒரு கேள்வி போதும், தங்கை தன் கணக்கின்மீதே ஐயம் கொண்டு அடுத்த திருப்பத்தைத் தயங்கிச் சொல்வாள். 'எக்கா, தெற்கே போகணும்' என்று அவள் சொன்னால் தெற்கே போய்விட்டு, தவறாயிருந்தால் மாலையில் வரைபடத்தில் பார்த்துக்கொள்வதே முறை. இளையவளை நேவிகேட்டராக வைப்பதையே நான் விரும்புகிறேன்; வீட்டில் எப்போதும் மூத்தவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டே பழகியவளுக்கு, முடிவெடுக்கும் பழக்கம் அந்த இருக்கையில் விரைவாக வருகிறது. ஆனால் பயிற்சியில் சில முறை இருக்கை மாறிப் பாருங்கள். குலுங்கும் வண்டியில் எண்களைப் படிப்பதன் சிரமம் ஓட்டுபவருக்கும் தெரிய வேண்டும்.

இருவரில் யார் 'நில்' என்று சொன்னாலும் வண்டி நிற்க வேண்டும், காரணம் பிறகு கேட்கலாம். கருத்து வேறுபட்டால் எஞ்சினை அணைத்து, இருவரும் இறங்கி, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது என்பதிலிருந்து கணக்கை மீண்டும் போடுங்கள். ஓடிக்கொண்டே விவாதிப்பவர்கள் ஒவ்வொரு நிமிடமும் அந்த இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் விலகிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: நிலத்தில் இறங்குவது

முதலில் அனுமதி. குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறையின் ஒப்புதல் இல்லாமல் அதற்குள் வண்டியை விடக் கூடாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தையும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தையும் பயிற்சிக்கு நினைத்துப் பார்க்கவே வேண்டாம். தெரிந்தவர்களின் பனைவிளை, ஊராட்சி மண்பாதை, ராதாபுரம் பக்கத்துச் சரள் பாதைகள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். கயத்தாறு, கோவில்பட்டிக் கரிசலில் மழைக்குப் பிறகு இறங்காதீர்கள். ஈரக் கரிசல் சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொண்டு வண்டியை அசையவிடாது.

தேரியோரச் செம்மணலில் பழகத் தையும் மாசியும் நல்ல காலம். ஆனி, ஆடியில் மேல்காற்று மணலை வாரி இறைப்பதால் சென்ற வாரத்துத் தடம் இந்த வாரம் இருக்காது. காலைப் பனியில் நனைந்த மணல் இறுகி நிற்கும். வெயில் ஏறியபின் அதே மணல் வண்டியை விழுங்கும். வழக்கமாக முப்பதுக்கு மேல் இருக்கும் டயர் காற்றை மணலுக்கு முன் 16 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். டயர் அகலமாகப் படிந்து மிதக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பும்முன் மீண்டும் ஏற்றச் சிறிய கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும். காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு உப்பி நிற்கும் என்பதால் உடைமுள்ளையும் சீமைக்கருவேல முள்ளையும் ஒதுங்கியே கடக்க வேண்டும்.

சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். மம்பட்டியால் சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். சக்கரத்தடியில் போடப் பனையோலை கிடைக்கும். ஓலையை மட்டும் போடுங்கள், மட்டையைப் போடாதீர்கள். கருக்குமட்டையின் ஓரம் ரம்பம்போல் இருக்கும், தளர்ந்த டயரைக் கிழித்துவிடக்கூடும்.

ஆறாம் படி: ஒத்திகைப் போட்டி

வீட்டில் உள்ள மூன்றாமவர் ஒருவரை அழைத்து, அனுமதி உள்ள பரப்பில் ஆறேழு குறியிடங்களின் எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டில் துணி கட்டட்டும், மற்றவை கறுப்பு. கைப்பேசிகளை அணைத்து உறையில் ஒட்டி, அவசரத்துக்கு மட்டும் பிரிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, வந்துசேர்ந்த நேரத்தையும் மானி எண்ணையும் எழுதுங்கள். எந்த வழியில் போய் எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரோடு கிளம்புங்கள். மாலையில் ஒத்திகை வைத்தவரின் வரைபடத்தையும் உங்களுடையதையும் அருகருகே விரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை மி.மீ. விலகல் என்று அளந்து, அது புள்ளி வைத்ததில் வந்ததா, கோணத்தில் வந்ததா, மானியில் வந்ததா என்று பிரித்துக் குறித்து வையுங்கள். கறுப்புப் புள்ளிகளில் விலகல் நூறு மீட்டருக்குள் வரத் தொடங்கியதும், இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு அங்கீகரித்த பகல்நேர டிஎஸ்டி ஒன்றுக்கு, தொடக்கநிலைப் பிரிவில் பெயர் கொடுக்கலாம்.