அத்தை கையில் ரிமோட்: ஹோம் தியேட்டர் பிசி வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தம்பி, பாட்டு கேக்கு, சண்டை கேக்கு. ஆளுக பேசுததுதான் ஒண்ணும் கேக்க மாட்டேங்கு."

புளியரையிலிருந்து அத்தை போன் பண்ணியபோது இரவு ஒன்பதரை மணி. ஆரியங்காவிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். எல்லாரையும் உட்கார வைத்துப் படம் போட்டிருக்கிறார். அந்த வீட்டு டிவியோடு ஒரு பழைய கம்ப்யூட்டரை இணைத்துக் கொடுத்தவன் நான். இப்படி டிவியில் படம் பார்க்க வைக்கும் கம்ப்யூட்டரைத்தான் ஹோம் தியேட்டர் பிசி என்பார்கள். மறுநாள் காலையில் செங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் பின்பக்கம் பச்சைத் துளையிலிருந்து ஒரு வயர் மாமாவின் பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. ஸ்பீக்கர் இரண்டுதான். விண்டோஸிலோ 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் இருப்பதாக நான் வைத்துவிட்டுப் போயிருந்தேன். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் வரும். அந்த நடு சேனல் ஆரஞ்சுத் துளை வழியாக வெளியேறுகிறது, அங்கே ஒன்றும் மாட்டியில்லை. பச்சைத் துளையில் வருவது இடதும் வலதும் மட்டும். அதனால்தான் பாட்டும் சண்டையும் வந்தன, பேச்சு வரவில்லை.

இரண்டு ஸ்பீக்கர் என்றால் விண்டோஸில் ஸ்டீரியோ என்றும், படம் போட நான் வைத்திருக்கும் கோடி (Kodi) என்ற மென்பொருளில் 'நம்பர் ஆஃப் சேனல்ஸ்' என்ற இடத்தில் 2.0 என்றும் வைக்க வேண்டும். அப்போது நடு சேனலின் வசனத்தை இரண்டு பக்கமும் கலந்து கொடுத்துவிடும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதால் ஒரு வீடு நிறைய விருந்தாளிகள் முன்னால் அத்தை சங்கடப்பட்டார். அன்றிலிருந்து நான் பார்க்கும் முறையே மாறிப்போனது. இந்தப் பெட்டியை யார் தினமும் தொடப்போகிறார்களோ, அவர்களுக்காகத்தான் ஒவ்வொரு முடிவும் இருக்க வேண்டும்.

கையில் இருப்பது என்ன?

ஹோம் தியேட்டர் பிசி வைப்பவர்கள் பிராசசரையும் ஹார்டு டிஸ்கையும் பற்றி ஒரு வாரம் யோசிப்பார்கள், ரிமோட்டைப் பற்றிக் கடைசி நாளில் யோசிப்பார்கள். இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். டச்பேட் வைத்த வயர்லெஸ் கீபோர்டு ஒன்றை வாங்கி வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அமைத்துக் கொடுக்கிறவருக்கு அது தேவை, வீட்டுக்காரருக்கு அது தொல்லை. அறுபது வயதுக்காரர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, திரையில் அம்புக்குறி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கையை அசைத்தால் அம்புக்குறி நகரும் ஏர் மவுஸும் இதே கதைதான். கை லேசாக நடுங்கினாலே குறி தப்பிவிடும்.

நாலு அம்பு, நடுவில் ஓகே, ஒரு பேக், படத்தை நிறுத்த ஒரு பாஸ் (pause) பட்டன் போதும். கோடி முழுவதுமே அம்பு விசைகள், என்டர், பேக்ஸ்பேஸ், ஸ்பேஸ்பார் இவற்றால் நகரும். இந்த விசைகளை அனுப்பக்கூடிய யுஎஸ்பி ரிமோட் எதுவாக இருந்தாலும் சரி. கோடியே கன்ட்ரோலரால் இயக்குவதற்காகப் பிறந்ததுதான். 2002ல் எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் என்ற பெயரில், மவுஸே இல்லாத விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டது, 2014ல்தான் கோடி என்று பெயர் மாறியது. அதனால்தான் சோபாவிலிருந்து இயக்க அது இவ்வளவு தோதாக இருக்கிறது.

"டிவி ரிமோட்டே போதுமே, செட்டாப் பாக்ஸுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணா?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. எச்டிஎம்ஐ கேபிளுக்குள் சிஇசி என்ற ஒரு கட்டுப்பாட்டு வழி இருக்கிறது. டிவி ரிமோட்டில் அழுத்துவது அதன் வழியாக இன்னொரு பெட்டிக்குப் போகும். சாம்சங் இதை எனிநெட்+ என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. டிவி மெனுவுக்குள் போய் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் பலர் ஏமாறும் இடம் வேறு. சாதாரண கம்ப்யூட்டர்களின் எச்டிஎம்ஐ துளையில் பெரும்பாலும் இந்த வழி இணைக்கப்பட்டிருப்பதே இல்லை. ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு வேண்டுமென்றால் எச்டிஎம்ஐக்கும் யுஎஸ்பிக்கும் நடுவில் மாட்டும் சிஇசி அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கி வந்து டிவி மெனுவில் மணிக்கணக்காகத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது ஷோகேஸ். எங்கள் பக்கம் பல வீடுகளில் டிவி நடுவில், சுற்றி மர அடுக்கு, கீழே கதவு போட்ட அறை. பெட்டியைக் கதவுக்குள் வைத்துவிட்டு இன்ஃப்ராரெட் ரிமோட் வாங்கினால் வேலை செய்யாது. அந்த ஒளி மரத்தைத் தாண்டாது. சரி, ரேடியோ ரிமோட் வாங்குவோம் என்று அதன் சிக்னலைப் பிடிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளைப் பெட்டியின் பின்பக்கம் நீலத் துளையில், அதாவது யுஎஸ்பி 3.0 துளையில் செருகுவோம். இங்கேதான் விளங்காத ஒரு கோளாறு வரும். பட்டனை ஒரு முறை அழுத்தினால் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. பேட்டரி மாற்றுவோம், ரிமோட் மாற்றுவோம், தீராது. காரணம், யுஎஸ்பி 3.0 இயங்கும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012ல் இதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டது. டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

அத்தை வீட்டிலும் அதுதான் நடந்தது. படம் ஓடாதபோது ரிமோட் நன்றாக வேலை செய்யும், படம் ஓடும்போது பாஸ் கேட்காது. படம் இருந்தது பக்கத்துத் துளை ஹார்டு டிஸ்கில். ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை அதன் நுனியில் மாட்டி, ஷோகேஸின் முன் விளிம்புக்குக் கீழே டேப் போட்டு ஒட்டினேன். அன்றோடு தீர்ந்தது.

செல்போனில் கோர், யாட்சே போன்ற ஆப்களை வைத்து கோடியை இயக்கலாம், நல்ல வசதிதான். படப் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதற்கு அதைவிடச் சுலபமான வழியில்லை. ஆனால் அதையே ஒரே ரிமோட்டாக வைத்துவிடாதீர்கள். போன் மொபைல் டேட்டாவுக்கு மாறியிருந்தால் பெட்டியைக் கண்டுபிடிக்காது. பேரன் போனை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போய்விட்டால் டிவியும் போய்விடும்.

எல்லாம் முடிந்தபின் நான் ஒரு பரீட்சை வைக்கிறேன். அத்தையை உட்கார வைத்து, நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பேன். அவரே போட வேண்டும், படம் எடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தி அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து தொடர வேண்டும், அணைக்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அதுதான் எனக்கு மிச்சமிருக்கும் வேலை. முதல் தடவை அவர் தயங்கியது பாஸ்வேர்டு கேட்கும் திரையில். இரண்டாவது, திரையின் மூலையில் வந்த அப்டேட் அறிவிப்பில். இரண்டும் அவர் கண்ணில் படவே கூடாதவை. பெட்டி எழுந்ததும் தானாக உள்ளே போய் கோடி திறக்கும்படி வைக்க வேண்டும், அறிவிப்புகளை நிறுத்த வேண்டும். அப்டேட் நேரத்தைப் படம் பார்க்காத வேளைக்குத் தள்ள வேண்டும். சேமித்து வைத்த படம் மட்டும் போதும் என்பவர்கள் விண்டோஸையே விட்டுவிட்டு லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தைப் போடலாம். அது நேராக கோடியிலேயே எழும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதால், பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி என்றே சொல்வேன்.

ஓடிடியைப் பொறுத்தவரை என் கருத்து இது: டிவியிலேயே அந்த ஆப் இருந்தால் அதிலேயே பாருங்கள். பாதுகாப்புப் பூட்டு காரணமாக, கம்ப்யூட்டர் பிரவுசரில் பல சேவைகள் டிவியில் கொடுக்கும் அதே தெளிவைக் கொடுப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைக்கப் பார்ப்பதுதான் தவறு.

பழைய பெட்டியா, புதுப் பெட்டியா?

வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரை எடுத்து மாட்டுவதில் தப்பில்லை, அதற்கு எது முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்டெல் 4ஆம் தலைமுறைப் பெட்டிகளுக்கு எச்இவிசி என்ற வடிவத்தில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் தனி வசதி இல்லை. பிராசசரே மூச்சு வாங்க அதைச் செய்யும், 4கே என்றால் திணறும். 10 பிட் எச்இவிசி சரியாக ஓட 7ஆம் தலைமுறையாவது வேண்டும், ஏவி1 வடிவத்துக்கு 11ஆம் தலைமுறை. 2023ல் வந்த என்100 போன்ற சின்ன பிராசசர் இவை எல்லாவற்றையும் 6 வாட் அளவில் செய்துவிடுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அந்த ரக மினி பிசியைப் பார்த்தால் போதும். கேம் விளையாடாத வீட்டுக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை.

எச்டிஎம்ஐ பதிப்பையும் பாருங்கள். 1.4 என்றால் 4கே திரையில் நொடிக்கு 30 தடவைதான் படம் புதுப்பிக்கும், மெனு நகரும்போதே இழுவை தெரியும். 60 தடவைக்கு 2.0 வேண்டும்.

படம் விட்டு விட்டு நகர்வதுபோலத் தெரிந்தால் உடனே பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். சினிமா நொடிக்கு 24 பிரேம், டிவி 60 தடவை புதுப்பிக்கிறது. 24ஐ 60ல் சமமாகப் பங்குபோட முடியாது. அதனால் ஒரு பிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறி மாறி நிற்கும். கேமரா மெதுவாக ஒரு வயல்வெளியைச் சுற்றி வரும் காட்சியில் இது பளிச்சென்று தெரியும். கோடியில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை இயக்கினால், படத்துக்கு ஏற்ப டிவியை அதுவே மாற்றிக்கொள்ளும். திரையின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவி மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் மாதிரி ஏதாவது இருக்கும், அதைப் போடுங்கள்.

டிவியை முதலில் போட்டு, பிறகு பெட்டியைப் போடப் பழக்குங்கள். டிவி அணைந்திருக்கும்போது பெட்டி எழுந்தால், எதிரே என்ன திரை இருக்கிறது என்று தெரியாமல் தெளிவைக் குறைத்துவிடும், சில நேரம் எச்டிஎம்ஐ ஒலியே காணாமல் போகும்.

இரண்டு மொழி வீட்டின் படப் பெட்டி

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு போட்டார்கள், உறவு கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் எங்கள் வீடுகளில் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ஒரே ஹார்டு டிஸ்கில் கிடக்கும். பெயரை மட்டும் போட்டு வைத்தால் கோடி தப்பான போஸ்டரை எடுத்துவிடும். 'த்ரிஷ்யம்' என்ற பெயரில் 2013ல் மலையாளப் படம், 2015ல் அதே பெயரில் இந்திப் படம். கோப்பின் பெயரில் வருடத்தையும் ஆங்கில எழுத்தில் படப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், குழப்பம் போய்விடும். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துள்ள ஃபாண்ட் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று அர்த்தம். கிறுக்கல்போல வந்தால் கோப்பு பழைய எழுத்துமுறையில் இருக்கிறது, யுடிஎஃப்-8 என்ற எழுத்துமுறைக்கு மாற்ற வேண்டும்.

கரண்ட்டும் இடியும்

எங்கள் ஊரில் எல்லாரும் சாரலைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனி, ஆடியில் காற்றே ஈரமாக இருக்கும். அந்த ஈரத்துக்குப் பயந்து பெட்டியைக் கதவுக்குள் பூட்டி வைக்காதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும். உண்மையில் பெட்டியைக் கொல்வது சாரல் இல்லை, சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேரத்தில் மலைக்கு மேலே கிளம்புகிற இடி.

ஸ்பைக் பஸ்டர் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பது தவறு. எர்த் சரியில்லாத வீட்டில் அது பாதி வேலைகூடச் செய்யாது. பக்கத்தில் விழும் இடியை அது தாங்கவும் தாங்காது. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. மின்சார ப்ளக்கைப் பிடுங்கிவிடுவார்கள், கேபிள் டிவி வயர் அல்லது டிஷ் வயர் அப்படியே இருக்கும். மொட்டை மாடியிலிருந்து வரும் அந்த வயர் வழியாக மின்னல் அதிர்வு செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு வந்து, டிவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். தெற்கு மேட்டில் ஒரு வீட்டில் மூன்றும் ஒரே மாலையில் போயின, மெயின் ப்ளக் வெளியேதான் கிடந்தது. மழைக்குமுன், வானம் கறுக்கும்போதே இரண்டையும் கழற்ற வேண்டும். இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடவே கூடாது.

கரண்ட் போய் வந்தபின் பெட்டி தானாக எழ வேண்டுமென்றால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மெனுவில், அதற்கென்று ஒரு அமைப்பு உண்டு. ஷோகேஸுக்குப் பின்னால் கையை விட்டு பட்டனைத் தேட வேண்டிய நிலை அத்தைக்கு வரக்கூடாது என்று அதையும் போட்டு வைத்தேன். சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் ஹார்டு டிஸ்க் பிழைக்கும்.

ஷோகேஸ் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். டிவி முதலில், பெட்டி பிறகு. படம் நின்றால் பேக், மறுபடி ஓகே. வானம் கறுத்தால் ப்ளக், கேபிள் வயர் இரண்டும். போன ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் நானே போன் பண்ணினேன், மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"ரெண்டையும் அப்பவே கழத்திப் போட்டுட்டேன்" என்றார் அத்தை. "மழை விட்டதும் மாட்டிக்கிடுதேன். நீ வீட்டுலதானே இருக்க?"