முதல் காட்சிக்கு முன்: நாயகனின் மாற்றத்தைத் திட்டமிடுவது எப்படி?

பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் கதை சொல்ல வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிக்கிறார்கள். "கடைசியில அவன் திருந்திடுவான் அக்கா." எப்படித் திருந்துவான் என்று கேட்டால், "ஒரு சம்பவம் நடக்கும்" என்பார்கள். சம்பவம் என்றால் யாராவது சாகவேண்டும். அநேகமாக அம்மா. கோலாலம்பூரில் இன்னும் எடுக்கப்படாத தமிழ்ப் படங்களில் எத்தனை அம்மாக்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சாவு ஒரு மனிதனை அழவைக்கும். மறுநாள் காலையில் அவன் வேறு மாதிரி நடந்துகொள்வான் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. மாற்றத்தை முன்கூட்டியே யோசிக்காமல் திரைக்கதையில் இறங்கினால், பாதி தாண்டியதும் கதை நின்றுவிடும், யாரையாவது கொல்லத்தான் தோன்றும். வானொலி நாடகத்தில் தொடங்கி இப்போது தொலைக்காட்சிப் படங்களுக்கு எழுதுகிறேன். இரண்டுக்கும், காட்சி ஒன்று என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட நோட்டில் சில வேலைகளைச் செய்துவிடுவேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். கணேசன், வயது 42, கோலாலம்பூர் செந்தூலில் பள்ளி வேன் ஓட்டுகிறார். யார் எது கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்.

முதலில் கடைசி

நோட்டின் முதல் பக்கத்தில் படத்தின் கடைசி முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கேமராவால் எடுக்கக்கூடிய செயலாக இருக்கவேண்டும். "கணேசனுக்குத் துணிச்சல் வருகிறது" என்று எழுதினால் இயக்குநர் அதை எங்கே போய் எடுப்பார்? நான் இப்படி எழுதுவேன்: "கோயில் ஆண்டுக் கூட்டத்தில், உறுப்பினர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பொருளாளர் கணேசன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கணக்கறிக்கையில் கையெழுத்துப் போட மறுக்கிறார்." அந்தக் கணக்கு சங்கப் பதிவிலாகாவுக்கு (சங்கங்களைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகம்) போகவேண்டியது, அதில் ஓட்டை இருக்கிறது, தலைவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இது கிடைத்துவிட்டால் தொடக்கம் தானாக வரும். கடைசியில் செய்ததைச் செய்யவே முடியாத கணேசனை அதே செயலில் காட்டுங்கள். படத்தின் தொடக்கத்தில் ஒரு கார் கடையில் நண்பனுடைய வாடகைக் கொள்முதல் கடனுக்கு (தவணையில் கார் வாங்கும் கடன்) ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். தாளைப் படிக்கக்கூட இல்லை. முதுகில் தட்டி "நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று நண்பன் சொன்னதும் முகம் மலர்ந்துவிடுகிறது.

நடுவில் இன்னொரு கையெழுத்து தேவை, அது சறுக்கலாக இருக்கவேண்டும். கார் கடனில் அடிபட்டு, இனி எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தவர், கோயிலில் மாலை போட்டுப் பொருளாளர் என்று அறிவித்த அன்றே தலைவர் நீட்டுகிற வெற்றுக் காசோலையில் போட்டுவிடுகிறார். இந்தச் சறுக்கலைப் புது ஆட்கள் எழுதுவதே இல்லை. நாயகன் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போவான். நம் வீட்டில் யார் அப்படி மாறியிருக்கிறார்கள்?

மூன்று கையெழுத்து, மூன்று காட்சி, அதில் இரண்டு ஒரே கோயில் மண்டபத்தில். படப்பிடிப்பு நாட்கள் குறையும், தயாரிப்பாளருக்கும் பிடிக்கும்.

பழைய குணத்துக்கு ஒரு வருமானம் இருக்கட்டும்

"அவர் கோழை, அதனால் மறுக்க முடியவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். கோழைத்தனத்தை யாரும் இருபது வருஷம் சும்மா வைத்திருப்பதில்லை, அதனால் ஏதோ கிடைக்கிறது. கணேசனுக்கு என்ன கிடைக்கிறது? மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) நுழைந்தால் நாலு மேசையிலிருந்து கை ஆட்டுவார்கள். அவர் குடித்த தே தாரேக்குக்கு (ஆற்றிய பால் தேநீர்) வேறு யாரோ காசு கொடுத்திருப்பார்கள். கல்யாண வீட்டில் முன்வரிசை. "கணேசண்ணே மாதிரி மனுஷன் உண்டா" என்று அவர் காதுபடப் பேசுவார்கள். இதையெல்லாம் பட்டியல் போட்டால்தான், கடைசியில் பேனாவை மூடும்போது அவர் எதைத் தொலைக்கிறார் என்று நமக்கே தெரியும்.

அடுத்தது, அந்தக் குணம் எங்கே பிடித்தது என்பது. பிறந்தது முதல் எழுதவேண்டியதில்லை, ஒரு சம்பவம் போதும். ஆனால் அந்தச் சம்பவத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அன்றைக்குச் சரியாக இருந்திருக்கவேண்டும். கணேசன் தோட்டத்துப் பையன். எண்பதுகளில் சிலாங்கூரில் ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புக்கு விலைபோனபோது, வேலையோடு வந்த வீடு வேலையோடு போனது. சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு நின்ற குடும்பத்தை, செந்தூலில் புறம்போக்கு நிலத்தில் வீடு கட்டியிருந்த ஒரு மாமா அழைத்துப்போய்த் தங்கவைத்தார். நாலு பேர் நம்மை விரும்பினால்தான் தலைக்கு மேல் கூரை இருக்கும் என்று 13 வயதுப் பையன் புரிந்துகொண்டான். அன்றைக்கு அது உண்மை. 42 வயதில், சொந்த வீடு இருக்கும்போது, அதே பாடம் அவரைக் கடனாளியாக்குகிறது.

இது நோட்டுக்கு மட்டும். படத்தில் ஒரு வரி வரலாம், வராமலும் போகலாம். பழுப்பு நிறத்தில் பின்னோக்குக் காட்சி, லோரி, மழை, வயலின் என்று ஆசை வரும். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

விதையை மறைத்து வைப்பது

பார்க்கிறவர்கள் கடைசி முடிவை நம்புவதற்குக் காரணம் அதற்கு முன்னால் வந்த காட்சி மட்டுமல்ல. முதல் பத்து நிமிடத்தில் எங்கேயோ ஒன்றைப் பார்த்திருப்பார்கள், மறந்தும் போயிருப்பார்கள். இதை நான் கற்றுக்கொண்டது சிலப்பதிகாரத்தில். கண்ணகி அரசவையில் "தேரா மன்னா" என்று தொடங்குவது எல்லாருக்கும் தெரியும். புகாரில் இருந்தவள் சாது, மதுரையில் திடீரென்று நெருப்பானாள் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். கனாத்திறம் உரைத்த காதையைப் படித்துப் பாருங்கள். இரண்டு குளங்களில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்கிறாள். கண்ணகி "பீடு அன்று" என்கிறாள். எனக்கு அது பெருமை இல்லை, அவ்வளவுதான். கணவன் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! உடனே கோவலன் வருகிறான், பொருளை இழந்தேன் என்கிறான், "சிலம்பு உள கொண்ம்" என்று எடுத்துக் கொடுக்கத் தயாராகிறாள். மறுக்கத் தெரிந்தவள் என்பதும் கொடுப்பவள் என்பதும் பக்கத்துப் பக்கத்தில். கையில் கொடுத்த அதே சிலம்பைத்தான் பின்னால் மன்னன் முன்னே உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. ஒரு பொருள், இரண்டு செயல், நடுவில் ஒரு பெண்ணின் முழு மாற்றம்.

கணேசனின் சிலம்பு அந்தக் கையெழுத்து. அவருடைய "பீடு அன்று" எங்கே? வேனில். இருக்கிற சீட்டுக்கு மேல் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றமாட்டார். தெரிந்த அம்மா கெஞ்சுகிறார், "அடுத்த வீட்டுப் பையன்தானே அண்ணே, மடியில உக்காந்துக்குவான்." கணேசன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். பார்க்கிறவர்கள் இதை நகைச்சுவைக் காட்சி என்று எடுத்துக்கொள்ளட்டும். மறுக்கத் தெரிந்த மனிதர்தான், தனக்காக மறுக்கத்தான் தெரியவில்லை.

யாருக்கு நஷ்டம்?

என் அனுபவத்தில் திரைக்கதைக்கு அதிகமான காட்சிகளைத் தருவது இந்தக் கேள்விதான். நாயகன் மாறினால் யார் யாருக்கு நஷ்டம் என்று எழுதுங்கள். நண்பனும் கோயில் தலைவரும் எளிது, அவர்கள் வெளிப்படையாக எதிர்ப்பார்கள். சுவாரஸ்யம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. மனைவி ஆரம்பத்திலிருந்தே "உங்களுக்கு வாய் இல்லையா, முடியாதுன்னு சொல்லத் தெரியாதா" என்று திட்டுகிறவர். கணேசன் ஒருநாள் நிஜமாகவே முடியாது என்கிறார், மனைவியின் சொந்தத் தம்பியிடம். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியுமா? மாறச் சொன்னவரே மாற்றத்துக்கு முதல் எதிரியாவது நம் குடும்பங்களில் வாரம் ஒருமுறை நடக்கிறது, எழுதத்தான் ஆள் இல்லை.

மகளையும் விடாதீர்கள். அப்பா எல்லாருக்கும் நல்லவர் என்பதில் பெருமைப்பட்டவள் அவள். கூட்டத்துக்குப் பிறகு தமிழ்ப்பள்ளியில் அவளோடு பேசாமல் போகிற தோழி ஒருத்தி இருக்கவேண்டும்.

விலையைப் பணத்தில் எழுதுங்கள்

பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துவிடுவேன். இடப்பக்கம் அவர் என்ன செய்கிறார், வலப்பக்கம் அதற்கு அன்று என்ன விலை. வலப்பக்கத்தில் மனவேதனை, குற்றவுணர்ச்சி மாதிரியான சொற்களுக்கு இடமில்லை. வெள்ளி (மலேசிய ரிங்கிட்), நேரம், நகை, உடம்பு, உறவு, இவைதான்.

இதற்குக் கதை நடக்கும் ஆண்டு முக்கியம். கணேசனை நான் 2012-இல் வைப்பேன். இன்றைக்கு வைத்தால் கதை பாதி செத்துவிடும். மலேசியாவில் திவால் சட்டம் 2017 அக்டோபரில் மாறியது. லாபம் பார்க்காமல் ஒருவருடைய படிப்புக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ, சொந்த உபயோகக் காருக்கோ ஜாமீன் நின்றவர்மேல் இப்போது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. அதற்கு முன்னால் எடுக்க முடிந்தது. கடன் வாங்கியவரிடம் வசூலிக்க எல்லா வழியும் பார்த்தாயிற்று என்று கடன் கொடுத்தவர் காட்டவேண்டியிருந்தது, கடன் குறைந்தது 30,000 வெள்ளியாவது இருக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். திவாலானவர் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. ஆக, கணேசனும் மனைவியும் பழனிக்கு மொட்டை போட வேண்டிக்கொண்டு காசு சேர்க்கிறார்கள் என்று வைத்தால், வீடு தேடி வருகிற நோட்டீஸ் வெறும் தாளாக இருக்காது. 34,000 வெள்ளி கட்ட மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது, பழனிக் காசும் போகிறது. வலப்பக்கம் நிரம்பிவிட்டது. சட்டம் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள், கற்பனையைவிட நல்ல காட்சிகள் அதில் கிடைக்கும்.

உடம்பில் தெரிவது

நடிகருக்குச் சொல்ல எனக்குக் கைகொடுப்பது தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல். மெய்ப்பாடு என்றாலே உடம்பில் தெரிவதுதானே. எட்டு மெய்ப்பாட்டில் பெருமிதத்துக்கு அவர் நான்கு காரணம் சொல்கிறார்: கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ்மை, கொடை. கணேசன் முதல் காட்சியிலேயே பெருமிதமாகத்தான் இருக்கிறார், கொடையாலும் புகழாலும். கடைசியிலும் பெருமிதம்தான், இப்போது தறுகண்ணால். முதல் பெருமிதத்துக்குச் சுற்றி ஆள் வேண்டும், கண் அவர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். இரண்டாவதற்கு வேண்டாம். இவ்வளவு சொன்னால் நல்ல நடிகருக்குப் போதும்.

"நான் இப்ப பழைய கணேசன் இல்ல" என்று வசனம் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். மேசையைத் தட்டிக்கொண்டு சொல்வதாக இருந்தால் இரண்டு முறை அடியுங்கள்.

எல்லா நாயகனும் மாறவேண்டும் என்று சட்டம் இல்லை. சிலர் அப்படியே நிற்பார்கள், சுற்றியிருப்பவர்கள் மாறுவார்கள். அப்போது இதே நோட்டு வேலையை அந்தச் சுற்றியிருப்பவர்களில் ஒருவருக்குச் செய்யுங்கள்.

எழுதி முடித்ததும் சினிமா பைத்தியம் இல்லாத ஒருவரிடம் மூன்று நிமிடத்தில் கதையைச் சொல்லிப் பாருங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் நல்லது. "ஏன் போட்டாரு?" என்று கேட்டால், அந்த இடத்துக்கு முன்னால் ஒரு படி குறைகிறது. விளக்கம் சொல்லிச் சமாளிக்காமல் அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது கணேசன் நீங்கள் போட்ட பாதையைவிட்டு விலகலாம். கூட்டத்தில் மறுக்காமல், கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் அவரே சங்கப் பதிவிலாகாவின் படி ஏறலாம். அது இன்னும் நல்ல முடிவு என்று தோன்றினால் முதல் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வாக்கியத்தை மாற்றுங்கள். அது மாறினால் கார் கடைக் காட்சியும் நடுவில் வருகிற காசோலையும் வேன் கதவும் பொருந்துகிறதா என்று நோட்டிலேயே ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் லேப்டாப்பைத் திறங்கள்.