ஃபிரடெர்னிட்டியில் சேரும் முன் அதன் நோக்கத்தை எப்படி விசாரிப்பது

அமெரிக்காவில் கல்லூரி முதல் வருடம் படித்தபோது, ரஷ் வாரத்தில், அதாவது புது உறுப்பினர்களைச் சேர்க்கும் வாரத்தில், ஒரு ஃபிரடெர்னிட்டி (கல்லூரி மாணவர் சகோதரத்துவச் சங்கம்) வீட்டுக்குப் போயிருந்தேன். நன்றாக உபசரித்தார்கள். "எதற்காக இதைத் தொடங்கினார்கள்?" என்று கேட்டேன். சகோதரத்துவம் என்றார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நீங்களும் தொடங்கிய கதையிலிருந்தே ஆரம்பியுங்கள். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஃபிரடெர்னிட்டியை 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் தொடங்கினார்கள். வெள்ளையர் சங்கங்களில் அவர்களுக்கு இடம் இல்லை. படிப்பிலும் வாழ்விலும் ஒருவருக்கொருவர் துணை வேண்டியிருந்தது. ஆல்ஃபா ஃபை ஒமேகா என்ற இன்னொரு ஃபிரடெர்னிட்டி 1925-இல் லாஃபயெட் கல்லூரியில் பிறந்தது. ஃபிராங்க் ரீட் ஹார்ட்டன் சாரணர் உறுதிமொழியை அடிப்படையாக வைத்து, தலைமை, நட்பு, சேவை என்ற மூன்றையும் கொள்கையாக்கினார். எந்தக் குறையைத் தீர்க்க ஒரு சங்கம் பிறந்தது என்று தெரிந்தால், அதனிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் கொள்கையைக் கேள்வியாக மாற்றுங்கள். சேவை என்கிறார்களா? போன மாதம் எங்கே போனீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். கல்வி என்றால் சாப்டரின், அதாவது அந்தக் கல்லூரியில் உள்ள கிளையின், சராசரி ஜிபிஏ (மதிப்பெண் புள்ளி) என்ன என்று கேளுங்கள். நட்பு என்றால், ட்யூஸ் (உறுப்பினர் கட்டணம்) கட்ட முடியாமல் போனவரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் சாப்டரை முழுதாகக் காட்டும்.

ஹேசிங், அதாவது புதிதாகச் சேருபவர்களை வதைத்து அவமானப்படுத்தும் வழக்கம், பற்றித் தயங்காமல் விசாரியுங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் உள்ள கல்லூரிகள் ஹேசிங் விதிமீறல்களை அறிக்கையாக வெளியிட வேண்டும் என்கிறது. அதில் சங்கத்தின் பெயரைத் தேடுங்கள். இருந்தால், அவர்களிடமே நேராகக் கேளுங்கள். "அது பாரம்பரியம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். புதிதாக வருபவனை அவமானப்படுத்துவதற்காக ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கிய அந்த ஏழு பேர் கூடவில்லை.

இரண்டாம் வருடம் ஆல்ஃபா ஃபை ஒமேகா சாப்டர் ஒன்றில் இதே கேள்விகளைக் கேட்டேன். செயலாளர் எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். தேதி, இடம், வந்தவர்கள், மணிநேரம் என்று எல்லாம் கையெழுத்தில் இருந்தது. இரண்டு சனிக்கிழமைகளுக்கு எதிரே "யாரும் வரவில்லை" என்றும் எழுதியிருந்தார்கள். அன்று மாலையே படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.