டைரியா, ஆப்பா: எதை எங்கே எழுதுவது?

புது டைரி வாங்கலாமா, இல்லை போனிலேயே ஒரு ஆப் போட்டுக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் எதை எழுதப் போகிறீர்கள்? மருந்து தீரும் தேதி, அடுத்த மாதம் கட்ட வேண்டிய தவணை, பாதி வழியில் தோன்றிய ஒரு யோசனை, இன்று மனதைக் குடைந்த ஒரு பேச்சு, என்றைக்காவது கற்றுக்கொள்ள நினைக்கும் ஒரு வேலை. இவை ஐந்தும் ஐந்து வகை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால் எவ்வளவு நல்ல டைரியும் ஒத்துவராது, எவ்வளவு நல்ல ஆப்பும் ஒத்துவராது. பிறகு கருவி சரியில்லை என்று அடுத்ததைத் தேடிப் போவோம்.

ஒவ்வொரு விஷயத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நான் மறந்துவிட்டால் இது என்னைக் கூப்பிட வேண்டுமா, இல்லை நானாகத் திறந்து பார்க்கும்போது இருந்தால் போதுமா? கூப்பிட வேண்டியது போனுக்குப் போகட்டும். திறந்து பார்த்தால் போதும் என்பது நோட்டுக்கு. ஒரு விஷயத்துக்கு ஓர் இடம்தான் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே சந்திப்பை நோட்டிலும் காலண்டரிலும் எழுதி வைத்தால், நேரம் மாறும்போது ஒன்றைத்தான் திருத்துவோம். அப்புறம் எது சரி என்று தெரியாது, இரண்டையும் நம்ப முடியாது.

போனில் என்ன இருக்க வேண்டும்

மணி சொல்லி நடப்பவை, திரும்பத் திரும்ப வருபவை, இன்னொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. இந்த மூன்றிலும் காகிதம் தோற்றுப்போகும், அதில் சந்தேகமே வேண்டாம். பிறந்தநாளை ஆண்டுதோறும் புது டைரிக்கு மாற்றி எழுதத் தேவையில்லை. ஒருமுறை போட்டு 'ஆண்டுக்கு ஒருமுறை' என்று வைத்தால் முடிந்தது. குழந்தையைக் கூட்டி வரும் முறை யாருடையது என்பது ஒருவர் கைப்பையில் இருக்கும் டைரியில் எழுதப்பட்டிருந்தால் வீட்டில் மற்றவருக்கு எப்படித் தெரியும்? பொதுவான காலண்டர் ஒன்றை வீட்டார் எல்லோருக்கும் பகிர்ந்து வைப்பது எத்தனையோ சின்னச் சண்டைகளை மிச்சப்படுத்தும்.

நினைவூட்டலை எப்படி வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சந்திப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் அடிக்கும் மணி, கிளம்பத்தான் உதவும், தயாராக உதவாது. அதனால் முக்கியமானவற்றுக்கு இரண்டு நினைவூட்டல்கள் வையுங்கள். ஒன்று, தயாராவதற்கு வேண்டிய நேரத்துக்கு முன்னால். தாள்களைச் சேகரிக்க இரண்டு நாள் ஆகும் என்றால் மூன்று நாளுக்கு முன்னால். மற்றொன்று கிளம்பும் நேரத்தில். தலைப்பையும் செய்ய வேண்டிய வேலையாகவே எழுதுங்கள். 'காப்பீடு' என்று மட்டும் போட்டால், மணி அடிக்கும்போது என்ன செய்ய நினைத்தோம் என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். 'காப்பீட்டுத் தவணை கட்டு, எண் மின்னஞ்சலில் இருக்கிறது' என்று இருந்தால் கை தானாக நகரும்.

இன்னொரு விஷயம். காலண்டரில் ஆசைகளைப் போடாதீர்கள். 'காலை 6 மணி: ஓட்டம்' என்று போட்டுவிட்டு வாரத்தில் நான்கு நாள் தள்ளிவிட்டால், அதே காலண்டரில் இருக்கும் மருத்துவர் சந்திப்பின் மணியையும் விரல் பழக்கத்தில் தள்ளிவிடும். அந்த நேரத்தில் நிச்சயம் நடப்பதை மட்டும் வையுங்கள். மற்ற ஆப்களின் அறிவிப்புகளையும் முடிந்தவரை அணைத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும் போனில் எந்த மணி முக்கியம் என்று காதுக்குத் தெரியாமல் போய்விடும்.

நினைவூட்டல் தாமதமாக வருகிறது என்றால் பேட்டரி அமைப்பைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 2015இல் வெளியான 6.0 பதிப்பிலிருந்தே, போன் சும்மா கிடக்கும்போது பின்னணி வேலைகளைத் தள்ளிப்போட்டு மின்சாரத்தைச் சேமிக்கிறது. காலண்டர் ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம்.

தேடும் வசதி போனின் பெரிய பலம், ஆனால் தமிழில் எழுதும் நமக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருநாள் 'மீட்டிங்' என்று அடிக்கிறோம், மறுநாள் 'கூட்டம்', அவசரத்தில் அதையே ஆங்கில எழுத்தில். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். அடிக்கடி வரும் ஏழெட்டுச் சொற்களுக்காவது ஒரே எழுத்து வடிவத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

நோட்டில் என்ன இருக்க வேண்டும்

கையால் எழுதினால் மூளையில் பதியும் என்று எல்லோரும் சொல்வார்கள். 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்களைவிடக் கையால் எழுதியவர்கள் கருத்து சார்ந்த கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னதாக எழுதினார்கள். அதை 2019இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆகவே நினைவாற்றலுக்காக நோட்டு வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு நோட்டு பிடித்ததற்குக் காரணம் வேறு: பக்கம் தீர்ந்துபோகும். ஆப்பில் பட்டியல் இருநூறு வரி வரை நீளும், யாரும் கேட்க மாட்டார்கள். நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்தால், அந்தப் பக்கத்துக்குள் அடங்குவதைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நேற்று முடிக்காததை இன்று மறுபடி எழுத வேண்டியிருப்பது தொல்லைதான், அந்தத் தொல்லையில்தான் பயனே இருக்கிறது. மூன்றாவது முறை அதே வரியை எழுதும்போது 'இதை நான் உண்மையிலேயே செய்யப் போகிறேனா' என்று கை நின்றுவிடும்.

ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் 2013இல் இணையத்தில் வெளியிட்ட, சின்னச் சின்னக் குறிகளால் நோட்டு எழுதும் புல்லட் ஜர்னல் முறையின் உயிரே இதுதான். வேலைக்கு ஒரு புள்ளி, நிகழ்ச்சிக்கு ஒரு சிறு வட்டம், குறிப்புக்கு ஒரு கோடு. முடிந்த வேலையின் புள்ளி மேல் பெருக்கல் குறி. அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவதற்கு வலப்பக்கம் பார்க்கும் அம்பு, தூரத்துத் தேதிக்குத் தள்ளியதற்கு இடப்பக்கம் பார்க்கும் அம்பு, வேண்டாம் என்றால் மேலே ஒரு கோடு. பக்கங்களுக்கு எண் போட்டு, முதல் இரண்டு பக்கங்களில் பொருளடக்கம் எழுதினால் தேடுவதும் ஓரளவு எளிதாகிவிடும். அவ்வளவுதான் முறை. இணையத்தில் காணும் வண்ணப் பூக்கள், அலங்கார எழுத்துகள், ஒட்டுத்தாள்கள் எல்லாம் பிறகு சேர்ந்தவை. வரைவது பிடித்தால் தாராளமாக வரையுங்கள், பிடிக்காதவர்கள் அதைப் பார்த்து 'நமக்கு இது ஆகாது' என்று ஒதுங்குவதுதான் எனக்கு வருத்தம். கறுப்புப் பேனாவும் பள்ளி நோட்டும் போதும்.

அன்றைய பக்கத்தை முந்தைய இரவே எழுதுங்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் 5 நிமிடம் சிலர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மற்றவர்கள் ஏற்கெனவே முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள், பட்டியலை எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். மனம் பிடித்துவைத்துக்கொண்டிருந்ததைத் தாளில் இறக்கிவிட்டால் தூக்கம் வருகிறது என்பது தலையணையில் பட்டியல் போட்டுப் புரண்டவர்களுக்குச் சொல்லாமலே புரியும். இதைப் போனில் செய்தால், எழுதப் போன கை வேறெங்கோ போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பும்.

இரண்டையும் இணைப்பது

இரவில் நோட்டைத் திறந்ததும் முதலில் போன் காலண்டரைப் பார்த்து, மறுநாள் மணி குறித்தவற்றை அன்றைய பக்கத்தின் மேலே ஒன்றிரண்டு சொல்லில் எழுதுங்கள். இது அன்றைக்கு மட்டுமான நகல், நேரம் மாறினால் காலண்டரே உண்மை. அதற்குக் கீழே மூன்று வேலைகள். நான்காவது வேண்டும் என்று தோன்றினால் முதல் மூன்றில் ஒன்றை அடித்துவிட்டு எழுதுங்கள். பகலில் யாராவது ஒரு தேதி சொன்னால் நோட்டில் எழுதாமல் அங்கேயே நின்று காலண்டரில் போடுங்கள். நோட்டில் எழுதிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது மாற்றப்படாமலே போகும்.

வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கடந்த வாரப் பக்கங்களில் திறந்தபடி நிற்கும் புள்ளிகளுக்கு ஒரு முடிவு, அடுத்த இரண்டு வாரக் காலண்டரில் ஒரு பார்வை. இந்த அரை மணி நேரம் இல்லாமல் எந்த முறையும் ஒரு மாதம் தாண்டாது.

நடுவில் சில நாட்கள் விட்டுப்போகும், எல்லோருக்கும் போகும். அந்தப் பக்கங்களை நினைவிலிருந்து நிரப்ப உட்காராதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு அடுத்த பக்கத்தில் தொடங்குங்கள். தேதி அச்சடித்த டைரியை நான் பரிந்துரைக்காததும் இதனால்தான், வெற்றுப் பக்கங்கள் குற்றப்பத்திரிகை மாதிரி முறைத்துக்கொண்டே இருக்கும்.

மனதில் இருப்பதை எழுதுவது

வேலைப் பட்டியலும் அந்தரங்க நாட்குறிப்பும் ஒரே நோட்டில் வேண்டாம். வேலை நோட்டு மேசையில் திறந்து கிடக்கும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள், பார்ப்பார்கள் என்ற எண்ணம் இருந்தாலே உண்மையை எழுத மாட்டோம். வீட்டில் தனியாகப் பூட்டி வைக்க ஓர் இடம் இல்லாதவர்களுக்குக் காகித நாட்குறிப்பைவிடப் பூட்டுள்ள ஆப் நல்லது. ஆனால் திறக்கும்போது கடவுச்சொல் கேட்பது மட்டும் போதாது, முனைக்கு முனை குறியாக்கம் இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். அது இருந்தால் ஆப்பை நடத்துபவர்களாலும் படிக்க முடியாது. கடவுச்சொல்லை மறந்தால் அவர்களாலும் மீட்டுத் தர முடியாமல் போகலாம், அதையும் தெரிந்துகொண்டே எழுதுங்கள்.

நோட்டு வாங்கும்போது

ஏ5 அளவு, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர், மேசைக்கும் பைக்கும் பொதுவாகச் சரிவரும். சட்டைப் பைக்கு அதில் பாதியான ஏ6. பால்பாயிண்ட் பேனாவுக்கு எந்தத் தாளும் தாங்கும், மைப்பேனா என்றால் சாதாரண 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளில் மறுபக்கம் ஊறலாம், வாங்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பல ஆண்டுகள் நிற்க வேண்டும் என்றால் நிறமி மை உள்ள ஜெல் பேனா, அது தண்ணீர் பட்டாலும் எளிதில் கரையாது.

ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்பவர்களுக்கு: ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவர்கள், பலருடைய நேரத்தைப் பார்த்துக்கொள்பவர்கள், எழுதினால் கை வலிப்பவர்கள் போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தட்டச்சு சிரமம் என்றால் தமிழில் பேசியே பதிவு செய்யலாம், கூகுளின் குரல் தட்டச்சில் 2017 முதல் தமிழ் இருக்கிறது. சந்திப்புகள் அதிகம் இல்லாத, தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் நோட்டு ஒன்றே போதும், தவற விடக்கூடாத ஒன்றிரண்டுக்கு மட்டும் போனில் அலாரம்.

தொலையாமல் பார்த்துக்கொள்ள

ஆப் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். வுண்டர்லிஸ்ட் என்ற பட்டியல் ஆப்பை எத்தனையோ பேர் பயன்படுத்தினார்கள். 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதம் மூடிவிட்டது. ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அதிலிருந்து எல்லாவற்றையும் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். காலண்டர் என்றால் ஐசிஎஸ் கோப்பு, அதை அநேகமாக எல்லாக் காலண்டர்களும் படிக்கும். குறிப்புகள் என்றால் வெறும் எழுத்துக் கோப்பு அல்லது மார்க்டவுன், அதாவது தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் எழுத்துக் கோப்பு. வெளியே எடுத்த கோப்பை ஒருமுறை வேறொரு ஆப்பில் திறந்தும் பாருங்கள், தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்து வந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

நோட்டுக்கு பேக்கப் போன் கேமராதான். மாதக் கடைசியில் வேலை நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து, மாதத்தின் பெயரில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அட்டையின் உள்பக்கம் பெயரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் எழுதுங்கள், கிடைத்தவர் திருப்பித் தர வழி வேண்டுமே. கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண் இவற்றை மட்டும் நோட்டில் எங்கேயும் எழுத வேண்டாம்.