பாஸ் மீனுக்கு ஓசையுள்ள லூரா, ஓசையற்ற லூரா?

பாஸ் என்னும் வேட்டை மீனைப் பிடிக்கத் தூண்டிலில் கட்டும் செயற்கை இரைதான் லூர். ஒரே அளவும் ஒரே நிறமும் கொண்ட கிராங்க்பெயிட்டுகள் (இழுக்கும்போது நெளிந்து நீந்தும், மீன் வடிவக் கடின லூர்கள்) கையில் இருந்தால், அவற்றை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். ஒன்றில் சிறு எஃகுக் குண்டுகள் பல சலசலவென்று உருளும். இன்னொன்றில் ஒற்றைப் பெரிய குண்டு ‘டொக், டொக்’ என்று கனத்த குரலில் மோதும். மற்றொன்றில் எதுவுமே கேட்காது. எதை எப்போது கட்டுவது என்பதை, நிறத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் செல்வதைப் போல் நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. பாஸ் மீனுக்கு வெளியே தெரியும் காது இல்லை என்றாலும், தலைக்குள் செவிக்கற்கள் கொண்ட உட்காதும், உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பும் உண்டு. உட்காது தொலைவில் எழும் ஒலியையும் அறியும். பக்கக்கோடோ மிக அருகில் நீர் அசைவதைத்தான் அறியும். ஆகவே, குண்டு இல்லாத லூரை மீன் உணராது என்று எண்ணிவிடக் கூடாது. அது நெளிந்து வரும்போது தள்ளும் நீரே அருகிலுள்ள மீனுக்குப் போதிய செய்தியாகும்.

முதலில் நீரின் தெளிவைச் சோதியுங்கள். வெள்ளை நிற லூர் ஒன்றை மெல்ல இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கவனியுங்கள். அரை மீட்டருக்குள்ளேயே மறைந்துவிட்டால், மீன் பார்த்து வருவதைவிடக் கேட்டு வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால், ஓசையுள்ளதைக் கட்டலாம். இரண்டு மீட்டர் ஆழத்திலும் தெரிந்தால், கண்ணால் ஆராய்ந்து பார்க்கும் மீனிடம் செயற்கையான சத்தம் இது போலி இரை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடும். அங்கே ஓசையற்றதே நல்லது. காற்று வீசி அலையடிக்கும் நாளில் தெளிந்த நீரிலும் ஓசை கைகொடுக்கும். நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் மீன் மந்தமாக இருக்கும் என்பதால், குறுகிய அசைவுள்ள ஓசையற்ற லூரை மெதுவாக இழுப்பதே பெரும்பாலும் பலன் தரும்.

பலரும் நாள்தோறும் தூண்டில் போடும் ஏரியில் இந்தக் கணக்கு மாறும். குண்டுச் சத்தத்தைத் தொடர்ந்து கொக்கி வரும் என்பதைக் கற்றுக்கொண்ட மீன்கள், அதே சத்தம் கேட்டதும் விலகிப் போகின்றன. அங்கே கலங்கல் நீராயினும், சலசலப்பை விட்டுவிட்டு ஒற்றைக் குண்டின் தாழ்ந்த ஓசையையோ, அதையும் தவிர்த்து அகன்ற அசைவுள்ள ஓசையற்ற லூரையோ முயலலாம்.

எதைத் தேர்வது என்று தெளிவாகத் தெரியாத இடத்தில் வரிசை முக்கியம். ஓசையற்றதை முதலில் வீசுங்கள். பத்துப் பன்னிரண்டு வீச்சுகளில் கடி கிடைக்காவிட்டால் மட்டுமே ஓசையுள்ளதற்கு மாறுங்கள். இந்த வரிசையை மாற்றினால், சத்தத்தில் மிரண்ட மீனை அமைதியான லூரால் உடனே திரும்ப அழைப்பது கடினம். கூட்டமாகச் சிறுமீன்களை விரட்டி நீரைக் கலக்கிக்கொண்டிருக்கும் பாஸ்களுக்கு மட்டும் இந்த எச்சரிக்கை தேவையில்லை. அவை போட்டியில் இருப்பதால் முதல் வீச்சிலேயே ஓசையைப் பயன்படுத்தலாம்.

ஓசையற்றது என்று விற்கப்படும் லூரும் முழு அமைதியானது அல்ல. அதன் வயிற்றுப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள்: கொக்கி ஆடி ஆடி உரசியதால் சாயம் தேய்ந்து, வில் போன்ற மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோடு ஆழமாக இருந்தால், நீருக்குள்ளும் கொக்கி உடலைத் தட்டிக்கொண்டே வருகிறது என்று பொருள். ஓரளவு சிறிய கொக்கியை மாட்டினால் தட்டல் குறையும். ஆனால் எடை மாறுவதால் லூர் சாய்ந்து நீந்தக்கூடும் என்பதால், கரையோரம் கண்ணெதிரே இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகே தொலைவில் வீசுங்கள்.